ஒரே வீட்டில் இரண்டு வானம்

கரிசலில் புரட்டாசி பிறந்துவிட்டால் துணிந்தவருக்கும் பொறுத்தவருக்கும் பந்தயம் தொடங்கிவிடும். கோடை உழவில் புரட்டிப்போட்ட மண் மாதக்கணக்கில் வெயிலில் வெந்து புழுதியாகக் கிடக்கும். மழைக்கு முன்பே அந்தப் புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. முதல் பெருமழை இறங்கட்டும், ஈரம் பிடித்தபின் விதைக்கலாம் என்று பொறுப்பவர்களும் உண்டு. முந்தியவருக்கு மழை நாள் தவறாமல் வந்தால் பயிர் மற்ற காடுகளுக்கு முன்பே தலைதூக்கி நிற்கும். வெறும் தூறலோடு ஓய்ந்தால் முளை கருகும், மறுவிதைப்புக்கு மறுபடி கடன் வாங்க வேண்டும். பொறுத்தவருக்கு அடைமழை பிடித்துக்கொண்டால் காடு களியாகிவிடும். மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. ஈரம் வடிந்து கால் வைக்கிற நேரத்தில் பருவம் கடந்திருக்கும். கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் முன்பருவ விதைப்பைப் பற்றி நிறையச் சொல்லித் தந்திருக்கிறது. ஆனாலும் விதைப்பெட்டியோடு காட்டில் நிற்பவர் அந்த முடிவைத் தானே எடுத்தாக வேண்டும்.

முடிவு அவருடையது. அதன் விளைவை அவர் ஒருவராகத் தாங்க முடியாது. மானாவாரி மண்ணில் ஊர் என்ற ஏற்பாடு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையில் இருக்கிற மல்லாங்கிணற்றைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் எழுத்தின் வழியாக இருக்கும். எஸ். ராமகிருஷ்ணனின் ஊர் அது. கரிசல் நாட்டு நாகஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய அவரது ‘சஞ்சாரம்’ 2018இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தமிழச்சி தங்கபாண்டியன் கவிதைகளின் மண்ணும் இதுவே. தெற்கே இடைசெவலில் கி. ராஜநாராயணன், கோவில்பட்டிப் பக்கம் பூமணி, சோ. தர்மன், மேலாண்மறைநாட்டில் மேலாண்மை பொன்னுச்சாமி என்று வரிசை நீள்கிறது. ஆண்டுக்கு எண்ணூறு மில்லிமீட்டரைச் சுற்றி மழை பெய்யும் ஒரு வறண்ட வட்டாரம் இத்தனை எழுத்தாளர்களைத் தந்திருப்பதைப் பலரும் வியந்திருக்கிறார்கள். வெயிலும் வறுமையும் கலைஞனை உருவாக்கும் என்ற சமாதானத்தையும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெயில் எல்லோர் மேலும் ஒன்றுபோல விழுகிறது. மழை பொய்த்த வருஷத்தின் நட்டம் அப்படி விழுவதில்லை. அந்த நட்டம் யார் மேல் எவ்வளவு விழுந்தது என்ற கணக்கைத்தான் கரிசல் எழுத்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது என்று எனக்குப் படுகிறது. ஊரின் வரலாற்றையும் அந்தக் கணக்கின் வழியாகவே வாசிக்கலாம்.

*

மண்ணிலிருந்தே தொடங்கலாம். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். ஒருமுறை வயிறாரக் குடித்துவிட்டால் வாரக்கணக்கில் ஈரத்தை விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையை வாங்கி வைத்துக்கொண்டு, மார்கழிப் பனியில் தேறி, மாசி பங்குனியில் பருத்தி வெடிக்கும். இந்த மண்ணில் ஒரே பயிரை நம்பியவர்கள் குறைவு. பருத்திக் காட்டுக்குள்ளேயே உளுந்தும் பாசியும், இன்னொரு துண்டில் மல்லியும் மிளகாயும், ஓரங்களில் துவரையும் ஆமணக்கும், வீட்டுக்கென்று கம்பும் சோளமும் குதிரைவாலியும். பருத்தியைப் புழு தின்றால் பயறு கைகொடுக்கும். பயறு போனாலும் சோளத்தட்டை மாட்டுக்கு மிஞ்சும். பருத்திமார் அடுப்புக்கு ஆகும்.

ஒரு காட்டுக்குள் பயிர்கள் செய்ததை ஊருக்குள் கண்மாய் செய்தது. மடை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர், கலுங்கு வழியாக மறுகால் போகும் நீர் அடுத்த ஊருக்கு எப்படிச் சேர்வது என்பதற்கெல்லாம் முறை இருந்தது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் அவரவர் வயலின் ஒரு பகுதியை மட்டும் பயிர் வைக்க ஊர் முடிவெடுக்கும். மடையைக் காக்கும் நீர்பாய்ச்சிக்குக் களத்தில் நெல் அளந்தார்கள். வரத்துக்கால் தூர்ந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். வராத வீட்டுக்கு அபராதம். குடிமராமத்து என்று அரசாணைகளில் பின்னாளில் பெயர் ஏறிய ஏற்பாட்டின் சாரம் இவ்வளவுதான். கண்மாய் மீனையும் கரை மரங்களையும் ஏலம் விட்ட பணம் ஊர்ப்பொதுவில் சேர்ந்தது. கோடையில் கண்மாய் வண்டல் காட்டுக்குப் போனது. அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை மறித்தார்கள். கீதாரிக்குத் தானியம், மண்ணுக்கு எரு.

இதற்கெல்லாம் அடியில் இருந்த அலகு தலைக்கட்டு. கலியாணமாகித் தனிக்குடித்தனம் போன ஆண் ஒரு தலைக்கட்டு. கோயில் பொங்கலுக்கு வரி, கண்மாய் வேலைக்கு ஆள், ஊர்க்கூட்டத்தில் பேச்சுரிமை எல்லாம் தலைக்கட்டுக் கணக்கில்தான். பெண் தலைமை தாங்கும் வீடு அந்தக் கணக்கில் அரையாகவோ சலுகையாகவோதான் இடம்பெற்றது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

மழை அறவே பொய்த்தால் கடைசிக் கட்டமாக மழைக்கஞ்சி. பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சோறோ கூழோ கேட்டு வாங்கி, எல்லா வீட்டுச் சாப்பாட்டையும் ஒரே பானையில் கலந்து, பொதுவிடத்தில் உட்கார்ந்து குடித்து, ஊரே அழிந்ததுபோல ஒப்பாரி வைப்பார்கள். சில ஊர்களில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று எழுதிக் கடந்துபோவது எளிது. சடங்கின் உள்ளே நடந்ததைப் பார்த்தால், இருக்கிற வீடும் இல்லாத வீடும் ஒரே நாளில் பிச்சைக் கலயத்தின் முன் நிறுத்தப்படுகின்றன. யார் வீட்டில் இன்னும் தானியம் மிச்சம் இருக்கிறது என்பதும் அன்று ஊருக்குத் தெரிந்துவிடும். மழை வந்ததோ இல்லையோ, பதுக்கியவருக்கு வெட்கம் வந்திருக்கும்.

*

இவ்வளவையும் எழுதிவிட்டு நிறுத்தினால் அது பொய்யான கட்டுரை. இந்த ஏற்பாடு நட்டத்தைப் பங்கிட்டது உண்மை, சமமாகப் பங்கிடவில்லை.

கமலைக் கிணற்றை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, கூனை நீரோடு மேலேறி, அதன் அடியிலிருந்த தோல் வால் வழியாக வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோலைப் பதப்படுத்தி, தைத்து, கிழிந்தபோதெல்லாம் செப்பனிட்டவர் இல்லாமல் தோட்டப் பயிர் இல்லை. அவருக்குக் கூலி பெரும்பாலும் களத்தில் கிடைத்த தானியம். விளைந்தால் அளப்பார்கள். விளையாத வருஷம் அளப்பதற்கு ஒன்றுமில்லை, வேலை மட்டும் அப்படியே இருக்கும். அவர் தைத்த தோலில் ஏறிவந்த தண்ணீரை அவர் அந்தக் கிணற்றில் இறங்கி மொண்டு குடிக்க முடியாது. பூமணியின் ‘பிறகு’ 1979இல் வந்தபோது கரிசல் வாழ்க்கையை இந்த மனிதர்களின் பக்கமிருந்து பார்க்கும் கண் தமிழ் நாவலுக்குக் கிடைத்தது. ஊர் என்று ஊர்க்காரர்கள் சொன்ன சொல்லுக்குள் சேரி இருக்கவில்லை. தலைக்கட்டு வரி அவர்களிடம் வாங்கப்படவில்லை என்பதைச் சலுகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வரி கொடுக்காதவருக்குக் கோயிலிலும் கூட்டத்திலும் கண்மாய் ஏலத்திலும் பேச்சு இல்லை.

வெளியிலிருந்து வந்த அதிர்ச்சிகளும் இந்தச் சரிவிலேயே உருண்டன. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861–65 ஆண்டுகளில் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வராமல் போக, திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு விலை ஏறியது. கரிசலில் பருத்திக் காடு விரிந்தது. மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்த இருப்புப்பாதை 1876இல், இன்று விருதுநகர் எனப்படும் விருதுபட்டி வழியாக ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் தாது வருடப் பஞ்சமும் தொடங்கியது. ரயில் பஞ்சம் தீர்க்கும் என்று எதிர்பார்த்தார்கள். தானியம் பசி இருக்கிற ஊரைத் தேடிப் போகவில்லை, விலை இருக்கிற ஊரைத் தேடிப் போனது. ஊர்க்களத்தில் கிடந்தவரை தானியத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கண் ஒரு காவல். ரயிலேறிய தானியத்துக்கு அந்தக் காவல் இல்லை. முதலில் ஊரை விட்டு நடந்தவர்கள் களத்துக் கூலியை நம்பியிருந்தவர்கள்தான். பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போன கூட்டத்தில் அவர்கள் பங்கு பெரிது.

ஆகவே, பின்னால் ஒவ்வொரு வீடாக மழையை நம்பும் தொழிலிலிருந்து கழன்று போனதைக் கண்டு ஊர் சிதைந்தது என்று மட்டும் அழுவதற்கில்லை. சிலருக்கு அது சிதைவு. பலருக்கு அது விடுதலையின் முதல் படி.

*

கழன்று போவதற்கு மூன்று வழிகள் திறந்தன. முதலாவது மின்மோட்டார். கமலை போனது, அதோடு தோல் வேலையின் கட்டாயமும் போனது. பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. கண்மாய்த் தண்ணீர் ஊர் பார்க்கக் கிடந்தது. ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்பது அதைத் தோண்டியவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் மட்டுமே தெரியும். மோட்டார் வைத்தவருக்கு மடை திறக்கும் நாளைப் பற்றிக் கவலை இல்லை. கவலை இல்லாதவர் வரத்துக்காலில் மண்வெட்டி பிடிக்கவும் வரமாட்டார். நீரின்றிக் கிடந்த கண்மாயைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது. அதை வெட்டச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த முள்ளை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றே பல குடும்பங்கள் வறட்சி ஆண்டுகளைக் கடந்தன என்பது அந்த அளவுக்கு நினைவில் இல்லை.

இரண்டாவது வழி பள்ளிக்கூடம். விருதுநகரின் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வாங்கியும், வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்தும் தங்கள் சமூகத்துக்காக நடத்திய பள்ளியில்தான் காமராஜர் படித்தார். அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஒரு சமூகத்தின் வேலிக்குள் இருந்த பிடி அரிசி, வேலியைத் தாண்டி எல்லாப் பிள்ளைகளின் தட்டுக்கும் வந்தது. மழை பொய்த்த வருஷத்தில் முதலில் குறைவது பிள்ளையின் சோறு. அந்த நட்டத்தை அரசு தன் மேல் எடுத்துக்கொண்டது. கரிசல் வரலாற்றில் இதைவிடப் பெரிய பங்கீடு எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வழி தீக்குச்சி. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்து 1923வாக்கில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். 1940களில் பட்டாசு வந்தது. இன்று நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. மல்லாங்கிணறு இந்த வட்டாரத்தின் வடகிழக்கு ஓரத்தில், சிவகாசியிலிருந்து தள்ளி இருக்கிற ஊர். இங்கிருப்பவர்களுக்கு விருதுநகரும் மதுரையும் அருப்புக்கோட்டையும்தான் பக்கம். ஆனால் விருதுநகர் மாவட்டத்தின் நடுவிலும் மேற்கிலும் விடியற்காலையில் ஊர்மந்தைக்கு ஆலைப் பேருந்து வந்து நிற்காத கரிசல் கிராமம் குறைவு. குழாய் உருட்டல், திரி வெட்டு, சரம் பின்னல் எல்லாவற்றுக்கும் எண்ணிக்கைக் கூலி. வாரக் கடைசியில் கையில் காசு. களத்தில் அளந்த கூலிக்கு ஆண்டெல்லாம் காத்திருந்த வீடுகளுக்கு வாரச் சம்பளம் என்பது எத்தனை பெரிய மாற்றம் என்று நிலம் வைத்திருந்தவர்களுக்கு எளிதில் விளங்கவில்லை. களையெடுக்க ஆள் வரவில்லை என்று அவர்கள் குறைபட்டது மட்டும்தான் ஊரில் உரக்கக் கேட்டது.

அந்தப் பேருந்தில் ஏறியவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அதைப் பதிவு செய்திருக்கிறது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் சிறிதும் பெரிதுமாக விபத்துகள் நின்றபாடில்லை. மழை நட்டத்திலிருந்து தப்பியவர்கள் வேறொரு நட்டத்தின் வாயிலில் வேலைக்கு நின்றார்கள்.

இந்தத் தொழில் இங்கே வேர்விட்டதற்குச் சொல்லப்படும் முதல் காரணமே மழைக்குறைவு. மருந்து காய வெயில் வேண்டும். குழாய் காய வெயில் வேண்டும். ஈரம் சரக்கைக் கெடுக்கும். இடி மின்னல் என்றால் ஆலையை மூடி ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். தீபாவளி எப்போது வருகிறது என்று பாருங்கள்: ஐப்பசியில், அல்லது புரட்டாசிக் கடைசியில். ஆண்டு முழுக்கச் செய்த சரக்கின் கடைசிச் சுற்று ஓடும் வாரங்களும் கரிசல்காட்டுக்கு முதல் மழை இறங்க வேண்டிய வாரங்களும் ஒன்றே. தகப்பனார் காட்டில் விதையைப் போட்டுவிட்டு மேகம் கூடாதா என்று பார்க்கிறார். மகள் அந்த வாரக் கூலி குறையாமல் இருக்க வானம் வெளிவாங்கியே நிற்கட்டும் என்று நினைக்கிறாள். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். இருவரில் ஒருவருடைய நட்டம் நிச்சயம்.

முன்பு ஊரே ஒரே வானத்தைப் பார்த்தது. மழைக்கஞ்சி அப்போதுதான் சாத்தியம். இன்று யார் வீட்டில் கேட்டு வாங்கி யாருக்காக ஒப்பாரி வைப்பது?

*

வானத்தை நம்பிய ஊர்களுக்கு இந்தக் கதி இங்கே மட்டும் நேரவில்லை. கனடாவின் சஸ்காட்சுவான் புல்வெளிச் சமவெளியிலும் கறுத்த மண் உண்டு. மானாவாரிக் கோதுமை உண்டு. வானத்தை நம்பிய சின்னச் சின்ன ஊர்கள் உண்டு. அவை இருப்புப்பாதையை ஒட்டி, குதிரைவண்டியில் தானியம் கொண்டுவந்து சேர்க்கும் தூரத்தைக் கணக்கிட்டு எழுந்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு தானிய உயர்களஞ்சியம், ஒரு தேவாலயம், ஒரு கடை. கிளைப்பாதைகள் மூடப்பட்டதும் பல ஊர்கள் ஆளின்றிப் போயின. அங்கே ஓர் ஊரை முறைப்படி கலைத்துவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆள் குறைந்தால் ஊர்மன்றம் தன்னையே கலைத்துக்கொண்டு சுற்றுவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்துவிடும்.

அந்தப் புல்வெளிக்காரர்கள் விட்டுச்சென்ற ஒன்று மட்டும் கலையவில்லை. தனித்தனியாக மருத்துவருக்குச் செலவழிக்க முடியாத குடியானவர்கள், உள்ளூர் வரியிலிருந்து சம்பளம் கொடுத்து ஒரு மருத்துவரை ஊருக்குப் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். பல ஊர்கள் இதைச் செய்தன. 1962இல் சஸ்காட்சுவான் மாகாணம் முழுவதற்கும் பொது மருத்துவக் காப்பீடு வந்தது. பிறகு அது நாட்டுக்கே வந்தது. ஊர்கள் அழிந்தன, அவை பழகிய பங்கீடு நாட்டின் சட்டமாகி நின்றது. நம்மூர்ப் பிடி அரிசி மதிய உணவானதும் ஏறத்தாழ இதே வழியில்தான்.

நம் கரிசல் ஊர்கள் வேறு விதம். அவை கலைவதில்லை. சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள்கூடத் தலைக்கட்டு வரியை அனுப்பிவிடுகிறார்கள். பங்குனிப் பொங்கலுக்கும் மகா சிவராத்திரிக் குலதெய்வக் கும்பிடுக்கும் கார்கள் வந்து வரிசையாக நிற்கின்றன. முளைப்பாரி உயரமாக வளர்கிறது, ஒலிபெருக்கி அதைவிட உயரத்தில் ஏறுகிறது. கோயில்கள் பழைய ஊரால் நினைத்துப் பார்க்க முடியாத செலவில் எழுந்து நிற்கின்றன. வரி வாங்கும் கை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தக் கை ஒரு காலத்தில் கோயிலுக்கும் கண்மாய்க்கும் சேர்த்து வாங்கியது. இப்போது கோயிலுக்கு மட்டும் வாங்குகிறது.

நட்டத்தைப் பங்கிடும் வேலையை ஊர் விட்டுவிட்ட இடத்தில் காகிதங்கள் வந்திருக்கின்றன. 2016 முதல் நடக்கும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ரபி பருவ உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடும் பருத்தி போன்ற பணப்பயிருக்கு 5 விழுக்காடும் விவசாயி கட்டுகிறார். இழப்பீடு பெரும்பாலும் தனிக் காட்டைப் பார்த்துத் தரப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில் சில காடுகளைத் தேர்ந்து அறுத்துப் பார்த்து, அந்தச் சராசரியில் எல்லோருக்கும் ஒரே விகிதம். ஆக, காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் ஊர் இன்னும் ஒரே அலகுதான். அந்த அலகுக்குள் இருப்பவர்கள் மட்டும் எந்தக் காட்டை அறுத்துப் பார்த்தார்கள் என்று சேர்ந்து கேட்பதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்க ஒவ்வொருவரும் தனித்தனியாக நிற்கிறார்கள். 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியபோதும் இதே கதைதான். கம்பும் சோளமும் நின்ற காடுகளில் பலவும் அதற்குள் கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளத்துக்கு மாறியிருந்தன. ஒன்று போனால் ஒன்று என்ற பழைய ஏற்பாடு காட்டுக்குள்ளும் இல்லாமல் போயிருந்தது.

நிர்வாகக் கோடுகளும் தம் பங்குக்குப் பிரிக்கின்றன. மல்லாங்கிணறு பேரூராட்சி. நூறு நாள் வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு என்று வந்தது. ஒரே மழையை நம்பிய பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒன்றுக்கு அந்த வேலை கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. பட்டாசுக்கு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகளின் தாக்கம் டெல்லியின் காற்றில் தொடங்கிக் கரிசல் வீட்டின் வாரக் கூலியில் வந்து முடிந்தது. அந்தக் காற்றைக் காக்க வேண்டியதுதான். அதற்கான விலையை எந்த வீடு கொடுத்தது என்று டெல்லியில் யாரும் கேட்கவில்லை.

இப்போது காவிரி – வைகை – குண்டாறு இணைப்பைப் பற்றிய பேச்சு வந்திருக்கிறது. மாயனூரிலிருந்து சுமார் 262 கிலோமீட்டர் கால்வாய்; 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். என்றாவது ஒருநாள் தண்ணீர் வரலாம். வந்தால் எந்தக் கண்மாய்க்கு முதலில், எந்த மடைக்கு எத்தனை நாள், கடைமடைக் காட்டுக்காரருக்கும் சேரித் துண்டு நிலத்துக்கும் எவ்வளவு என்று முடிவு செய்யும் பழக்கம் ஊரிடம் மிச்சமிருக்க வேண்டும். அது கால்வாயில் மிதந்து வராது. பழைய முறையை அப்படியே மீட்பதும் கூடாது. அதன் பங்கீட்டில் இருந்த அநீதியும் சேர்ந்தே மீளும். தலைக்கட்டில் பெண்ணின் பெயர் ஏற வேண்டும். ஏலத்தில் எல்லாத் தெருவுக்கும் பேச்சு வேண்டும். ஆலைக்குப் போகிற மகளும் கண்மாய்க் கூட்டத்தில் உட்கார வேண்டும், ஏனென்றால் அவள் வாரக் கூலிதான் பல வருஷங்களாக அந்தக் காட்டுக்கு விதை வாங்கித் தருகிறது.

ஒரு கரிசல் ஊர் இன்னும் ஊராக இருக்கிறதா என்று அறியப் பொங்கலன்று போய்க் கூட்டத்தை எண்ண வேண்டியதில்லை. மழை பொய்த்த அடுத்த தையில் போக வேண்டும். எந்த வீட்டில் நகை அடகுக்குப் போனது, எந்த வீட்டுப் பிள்ளை படிப்பை நிறுத்தியது, எந்த வீட்டில் ஒன்றுமே குறையவில்லை என்று விசாரிக்க வேண்டும். அந்த மூன்று வீடுகளும் ஒருவர் நிலைமையை ஒருவர் அறிந்து, அதற்காக ஒருமுறையாவது ஒரே இடத்தில் கூடியிருந்தால் அது ஊர்தான். கூடவில்லை என்றால், அங்கே கோயிலும் தெருக்களும் இருக்கின்றன என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.